போனது காயில் இல்லை, பவர் சாக்கெட்

ஒரு 15 லிட்டர் கீசரால் எனக்கு ஆன நஷ்டம்: ஒரு மல்டிமீட்டர், இரண்டு அரை நாள் லீவு, வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை.

தண்ணீர் சூடாக வழக்கத்தைவிட நேரமானது. கூடவே பாத்ரூம் பக்கம் லேசாக பிளாஸ்டிக் கருகும் வாசனை. சர்வீஸுக்கு வந்த பையன் மூடியைக்கூடத் திறக்கவில்லை. குழாயடியில் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "காயில் வீக் ஆயிடுச்சு சார். உப்புத் தண்ணி இல்ல? 2,400 ஆகும், ஆர்டர் போட்டுடறேன்" என்றான். 350 ரூபாய் விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

காயில் என்பது கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் கம்பி. அது வீக் ஆகுமா? உப்பு படிந்தால் உள்ளுக்குள் வெந்து ஒருநாள் அறுந்துபோகும், அறுந்தால் தண்ணீர் சூடே ஆகாது. பாதி உயிரோடு ஓடுகிற காயிலை நான் கேள்விப்பட்டதில்லை. அளந்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

கணக்கு சுலபம். கீசரில் 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது காயிலின் தடை, கிட்டத்தட்ட 26.4. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் இரண்டு பின்களிலும் மீட்டரை வைத்தால் இந்த எண் வர வேண்டும்.

மீட்டர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பரணில் கிடந்த 100 வாட் குண்டு பல்பில் சோதித்தேன். கணக்குப்படி 529 ஓம். மீட்டர் காட்டியது 38. மீட்டரே கோளாறு என்று கடைக்கு எடுத்துப் போய், கடைக்காரர் சிரித்த பிறகுதான் உறைத்தது. குண்டு பல்பின் டங்ஸ்டன் இழை எரியும்போதுதான் அந்த 529. அணைந்து குளிர்ந்திருக்கும்போது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் பல்பை வைத்து மீட்டரைச் சோதிக்காதீர்கள். கீசர் காயிலில் இருப்பது நிக்ரோம் என்ற உலோகக் கலவை. சூட்டுக்கும் குளிருக்கும் அதிகம் மாறாது, அளந்த எண்ணை நம்பலாம்.

சரி என்று கீசர் பிளக்கில் வைத்தேன். '1' என்று ஓரத்தில் நின்றது. அறுந்த காயிலுக்குத்தான் அப்படிக் காட்டும். பையன் சொன்னது சரிதான் போல என்று போனைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அப்போதுதான் இரண்டு பேர் குளிக்க வெந்நீர் போட்டிருந்தோம். சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் கட் ஆகி நிற்கிறது, மீட்டருக்குக் காயில் எப்படித் தெரியும்? மறுநாள் காலை தண்ணீர் ஆறியபின் அளந்தேன்: 26.8. மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டாலே 0.4 காட்டுகிறது, அதைக் கழித்தால் 26.4. காயில் கல்லுக்குண்டாக இருக்கிறது!

அந்த சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. அடுத்து ஆம்பியரையும் பார்த்துவிடலாம் என்று மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்ஸ் துளைக்கு மாற்றி, இரண்டு முனைகளையும் நேராகச் சாக்கெட்டுக்குள் விட்டேன். டமார். வீடே இருட்டு. ஒயரின் உலோக முனை உருகி மொட்டையாகிவிட்டது. அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது ஒரு சின்னக் கம்பித் துண்டு. அதன் தடை ஓமில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும் 230-ஐ அதால் வகுத்துப் பாருங்கள், 23,000 ஆம்பியர் வருகிறது. வீட்டு ஒயரிங் அவ்வளவு விடாதுதான், ஆனாலும் கரண்ட் எகிறினால் தானாக அணைந்துவிடும் எம்சிபி சுவிட்ச் இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மலிவு மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸ்கூட இருக்காது. அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

அதற்கப்புறம் தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஒயரை வெளியிலிருந்து கவ்வியே கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். ஆர்வக்கோளாறில் அதை வாங்கி கீசர் கேபிளை அப்படியே கவ்வினேன். பூஜ்யம். "தம்பி, ரெண்டு ஒயரையும் சேர்த்துப் பிடிச்சா போறதும் வர்றதும் கழிஞ்சுபோயிடும். ஒத்தை ஒயரைப் பிடிக்கணும்" என்று வாங்கிக்கொண்டார். இதற்குமேல் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்கிற வேலையெல்லாம் அவருடையது. நான் தள்ளி நின்று எண்களை எழுதினேன்.

கரண்ட் 7.9 ஆம்பியர். சுவிட்ச் பாக்ஸுக்குள் வரும் ஒயரில் 220 வோல்ட். கீசர் மூடிக்குள் காயில் முனையில் 208. ஒன்றரை மீட்டர் கேபிளுக்குள் 12 வோல்ட் எங்கே போயிற்று?

12-ஐ 7.9-ஆல் பெருக்கினேன். 95 வாட். அந்த 100 வாட் குண்டு பல்பின் சூடு கிட்டத்தட்ட முழுசாக, சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்! அண்ணன் மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினார். ஒரு துளையின் உட்புறம் கருகிப்போய், பிடிமானம் தளர்ந்து கிடந்தது. கீசருக்குக் கிடைத்தது 208 பெருக்கல் 7.9, அதாவது 1,640 வாட் சொச்சம்தான். வோல்ட்டேஜ் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் வாட் பத்துக் குறையும் என்பதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

புது சாக்கெட், புது பிளக், கூலி எல்லாம் சேர்த்து 520 ரூபாய். மாட்டியபின் காயில் முனையில் 219 வோல்ட், 8.3 ஆம்பியர், 1,800 வாட்டுக்கு மேல். 2000 வராததற்குக் காரணம் தெருவுக்கே 230 வராததுதான், அதற்கு கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்கள் வீட்டில் பவர் பிளக்கைப் பிடுங்கும்போது அதன் பின்கள் கையைச் சுட்டால் அன்றே சாக்கெட்டை மாற்றிவிடுங்கள், மீட்டரெல்லாம் வேண்டாம். மோட்டார், ஃப்ரிட்ஜுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது அவற்றின் உண்மையான வாட்டைவிட அதிகமாக இருக்கும். கீசர், இஸ்திரிப் பெட்டி மாதிரி சூடு மட்டும் தருபவற்றுக்கு இது கச்சிதம்.

நேற்று சர்வீஸ் பையன் போன் செய்தான். காயில் வந்துவிட்டதாம், எப்போது வரட்டும் என்கிறான்.