ஏற்காட்டு ஈரத்தில் சைக்கடெலிக் ஃபோக்

தானே எழுதி, தானே பதிவு செய்து, தானே வெளியிடும் சைக்கடெலிக் ஃபோக் (கனவுபோல் மயக்கும் ஒலிகள் கலந்த நாட்டுப்புறப் பாணி இசை) பாடகருக்கு ஏற்காடு நல்ல ஊர்தான். அவர் கிதாருக்கு அல்ல. மரத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் போதும். பனிமூட்ட நாட்களில் மேல்பலகை ஈரம் குடித்து உப்பும், கம்பிகள் ஃப்ரெட்டை (கழுத்தில் பதித்த உலோகக் கட்டையை) விட்டு எழும்பும், அழுத்தினால் சுருதி ஏறும். பெட்டிக்குள் சிலிகா ஜெல் பொட்டலமும் சின்ன ஈரப்பதமானியும் கட்டாயம். சேலத்திலிருந்து மேலே ஏறியதும் பெட்டியைத் திறக்க அவசரப்பட வேண்டாம்.

6, 2, 1 ஆகிய கம்பிகளை வழக்கமான சுருதியிலிருந்து இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால், 6ஆம் கம்பி தொடங்கி 1ஆம் கம்பி வரை ஸ்வரங்கள் டி ஏ டி ஜி ஏ டி. சுருதிப்பெட்டியை 2 கட்டையில் (அதுவும் டி) வைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். தளர்ந்த 6ஆம் கம்பி அதிர்ந்தால் தடிமனான கம்பி போடுங்கள்.

மைக் 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேரே, 20 செ.மீ. தள்ளி இருக்கட்டும்; துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி குமுறும். தகரக்கூரையில் மழை விழுந்தால் பதிவை நிறுத்துங்கள், எந்த மென்பொருளும் அதைச் சுத்தமாக நீக்காது.

எதிரொலியின் இடைவெளிக்கு 60,000ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுங்கள்: 80 என்றால் 750 மில்லிசெகண்ட், பாதி 375. எதிரொலியில் மட்டும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டாவிட்டால் பாட்டு வரிகள் மூழ்கிப்போகும். இந்த வகை இசையில் பலர் சறுக்குவது இங்கேதான்.

காசு? ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 கேட்புகூட எட்டாத பாட்டுக்கு ஒன்றும் வராது.