ஒரு எண் மாறியதால் வீணான பயணம்

அமெரிக்காவில் விடுமுறைக்குப் போகும்போது செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டும் என்பது பல வருட ஆசை. என் நாட்டு கமர்ஷியல் லைசென்ஸ் கையில் இருக்கிறது, மெடிக்கல் சான்றிதழ் இருக்கிறது, இதில் என்ன பெரிய வேலை என்றுதான் நினைத்தேன். ஆனால் ‘N’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் கொண்ட, அதாவது அமெரிக்காவில் பதிவான விமானத்தை அங்கே ஓட்ட அமெரிக்க லைசென்ஸ் வேண்டும். நம் லைசென்ஸை அடிப்படையாக வைத்துத் தேர்வில்லாமல் ஒன்று தருகிறார்கள். அமெரிக்க விமானத் துறையின் (FAA) விதி எண் 61.75.

லைசென்ஸைச் சரிபார்க்கக் கோரும் 8060-71 படிவத்தை நிரப்பி ஓக்லஹோமா சிட்டியில் உள்ள FAA அலுவலகத்துக்கு அனுப்பினேன். அது பத்து நிமிட வேலை. அவர்கள் நம் லைசென்ஸ் உண்மைதானா என்று அதைக் கொடுத்த அலுவலகத்திடம் கேட்பார்கள். தலைவலி இங்கேதான். இரண்டு மாதம் சத்தமே இல்லை. எங்கள் நாட்டு லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தால், “அப்பவே பதில் அனுப்பிட்டோமே சார்” என்றார் குமாஸ்தா. எந்தத் தேதியில் என்று கேட்டதும் லைன் கட். நேரில் போய் நின்ற பிறகுதான் பதில் கிளம்பியது. ஒருவழியாகச் சரிபார்ப்புக் கடிதம் வந்தது. ஆறு மாதம்தான் செல்லும்.

இடையில் என் லைசென்ஸைப் புதுப்பித்தேன். புது அட்டையில் எண்ணும் மாறியிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

முன்கூட்டியே நேரம் வாங்கி, அமெரிக்கா போய், மூன்று மணி நேரம் கார் ஓட்டி, படிவத்தில் குறிப்பிட்டிருந்த FAA கள அலுவலகத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கடிதத்தையும் லைசென்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுக்கொண்டே போனார். கடைசி மூன்றில் பேனா நின்றது. “கடிதம் இந்த லைசென்ஸுக்கு இல்லையே” என்றார், பாவமாக. நான் பறந்த நேரமெல்லாம் பதிந்த லாக்புக்கை எடுத்துக் காட்டினேன். மணிக்கணக்கு எத்தனை இருந்து என்ன, எண் எண்தான். மறுபடி படிவம், மறுபடி அதே குமாஸ்தா, மறுபடி டிக்கெட்.

இரண்டாவது தடவை அரை மணி நேரத்தில் முடிந்தது. 120 நாள் செல்லும் தற்காலிக லைசென்ஸ் தாள் கையோடு கிடைத்தது. அப்புறம் ஒரு பயிற்றுநரிடம் ஒரு மணி நேரம் தரையில், ஒரு மணி நேரம் வானில் ஃப்ளைட் ரெவ்யூ என்ற திறன் சரிபார்ப்பு. அதில்லாமல் தனியாகக் கிளம்ப முடியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சொந்த நாட்டில் கமர்ஷியல் வைத்திருந்தாலும் இதில் கிடைப்பது பிரைவேட் உரிமைதான். காசு வாங்கி ஓட்டக் கூடாது. அமெரிக்க முகவரி இல்லாதவர்கள், FAA அனுப்பும் கடிதங்களைத் தங்கள் சார்பில் வாங்கிக்கொள்ள அங்கே ஒரு ஏஜென்டைக் காட்ட வேண்டும். 2025 ஜனவரியில் வந்த விதி இது. ‘N’ விமானம் உங்களுக்கு லைசென்ஸ் தந்த நாட்டுக்குள்ளேயே பறக்கிறதென்றால் அந்த லைசென்ஸே போதும், இந்த அலைச்சல் வேண்டாம்.

பிளாஸ்டிக் அட்டை பிறகு தபாலில் வந்தது. என் நாட்டு லைசென்ஸ் கூடவே இருந்தால்தான் செல்லும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது, எண்ணோடு. அதாவது அந்த எண் மாறினால் இதுவும் காலி. அடுத்த புதுப்பித்தல் நெருங்குகிறது. போன வாரம் அதே குமாஸ்தாவிடம் போய், எண் மாறுமா என்று கேட்டேன். “மாறாது சார்” என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று, வாங்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.