கீசரில் கோளாறே இல்லை: மூன்று முறை கழற்றிய பிறகு தெரிந்தது

25 லிட்டர் கீசர், 2,000 வாட் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் பாகம்). புகார் ஒன்றே ஒன்றுதான்: வாஷ்பேசின் குழாயில் சுடுதண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. இதற்காக அந்தக் கீசரை மூன்று முறை திறந்து மூடியாயிற்று. ஒரு தெர்மோஸ்டாட் (வேண்டிய சூடு வந்ததும் கரண்டை நிறுத்துவது), ஒரு எலிமென்ட், ஒரு காஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர்) எல்லாம் வீண். கடைசியில் பார்த்தால் பழுது கீசருக்கு வெளியே இருந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அடுத்தவர்களுக்காவது அலைச்சல் மிச்சமாகட்டும் என்று எங்கெங்கே தவறு நடந்தது என்பதை எழுதிவிடுகிறேன்.

வந்த மெக்கானிக் "சூடு பத்தலை" என்று கேட்டதுமே "தெர்மோஸ்டாட் போயிருக்கும்" என்றார். பையிலிருந்து மீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. புதுசு மாட்டினார், மறுநாள் காலையும் அதே வெதுவெதுப்பு. இரண்டாவது முறை வந்தபோது "அப்போ எலிமென்ட் வீக் ஆயிடுச்சு" என்றார். இந்த வார்த்தையை யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். எலிமென்ட் வீக் ஆகாது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் முழுசாக இருந்தால் முழுச் சூடு, அறுந்திருந்தால் சூடே இல்லை. 230 வோல்ட்டில் 2,000 வாட் எலிமென்ட் என்றால் இரண்டு முனைக்கும் நடுவே 26 ஓம்ஸைச் சுற்றிக் காட்ட வேண்டும். 3,000 வாட் என்றால் பதினேழரை. கழற்றிப் போட்ட எலிமென்ட்டைப் பிறகு எடுத்து அளந்தபோது மீட்டரில் 26.8 நின்றது. நல்ல எலிமென்ட்.

வீக் ஆவது கரண்ட் சப்ளைதான். 230-க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் 2,000 வாட் எலிமென்ட் சுமார் 1,200 வாட்தான் இழுக்கும். அப்போதுகூட சூடேற நேரம் கூடுமே தவிர, கடைசியில் எட்டுகிற சூடு குறையாது.

கீசரைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் முழுக்கப் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது சுவிட்சைப் போட்டு, சூடேறும் விளக்கு அணைகிற வரை நேரம் பாருங்கள். 25 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 2,000 வாட்டுக்கு அரை மணி நேரம் பிடிக்கும். 15 லிட்டர் என்றால் 18 நிமிடம். இங்கே 34 நிமிடம் ஆனது. அப்படியென்றால் எலிமென்ட்டும் தெர்மோஸ்டாட்டும் சரி. பத்தே நிமிடத்தில் விளக்கு அணைந்தால் தெர்மோஸ்டாட் குழாயைச் சுற்றி உப்பு கட்டியிருக்கலாம்: சூடு அங்கேயே தேங்கி, தொட்டி சூடாகும் முன்பே அது கட் ஆகிவிடும். விளக்கு அணையவே இல்லை என்றால் தெர்மோஸ்டாட் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் சுடுதண்ணீர் எங்கோ கசிந்து போய்க்கொண்டே இருக்கும். விளக்கே எரியவில்லை என்றால் கட்-அவுட்டின் (சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிப்பது) சின்ன பட்டனைப் பாருங்கள், விழுந்திருந்தால் அழுத்தும்போது 'டிக்' என்று உட்காரும். மறுபடி விழுந்தால் காரணத்தைத் தேட வேண்டும். கட்-அவுட்டை நேரடியாக ஒயர் போட்டு இணைப்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் தொட்டி கொதிநிலையைத் தாண்டிப் போகாமல் தடுப்பது அதுதான்.

எலிமென்ட் மாற்றியபோது நடந்தது அடுத்த கூத்து. குழாய்கள் அடிப்பக்கம் இருக்கும் சுவர் கீசரில் சுடுதண்ணீர் வெளியேறும் குழாய் தொட்டிக்குள் மேலே வரை நீண்டிருக்கும், குளிர்ந்த தண்ணீர் நுழையும் வழி அடியில் இருக்கும். ஆகவே வெளியேறும் குழாயைக் கழற்றினால் கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றுவிடும். தொட்டி காலி என்று நம்பி ஏமாந்துவிடுவோம். அப்படித்தான் ஆனது. ஐந்து போல்ட்டையும் எடுத்ததும் தொட்டியில் இருந்ததெல்லாம் தலையில் கொட்டி, தெர்மோஸ்டாட், ஒயர் முனை எல்லாம் நனைந்தது. நல்லவேளை, மெயின் எம்சிபி (மின்பலகையில் உள்ள தானியங்கி சுவிட்ச்) இறக்கியிருந்தது. சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. ஒயரிங்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் அணைந்த பிறகும் முனையில் பேஸ் நிற்கும்.

காலி செய்யும் முறை: எம்சிபியை இறக்கி, உள்ளே வரும் வால்வை மூடி, சுடுதண்ணீர்க் குழாய் ஒன்றைத் திறந்து விடுங்கள். பிறகு நுழைவாயிலில் உள்ள சேஃப்டி வால்வைக் கழற்றி வாளியைப் பிடியுங்கள். மேலே காற்று நுழைய வழி இருந்தால்தான் தண்ணீர் இறங்கும். வாளியில் விழுந்த அளவைக் கணக்குப் பாருங்கள். 25 லிட்டர் கீசரிலிருந்து ஐந்தாறு லிட்டர்தான் வந்ததென்றால் இன்னும் காலியாகவில்லை.

திறந்ததில் ஒரே நன்மை, ஆனோட் ராட் (தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைகிற கம்பி) கண்ணில் பட்டது. விரல் தடிமன் இருக்க வேண்டிய மெக்னீசியம் கரைந்து, நடுக்கம்பியும் அதில் அங்கங்கே ஒட்டிய சாம்பல் நிறக் கட்டிகளும்தான் மிச்சம். அது முழுசாகக் கரைந்த பிறகு துரு தொட்டியைத் தின்ன ஆரம்பிக்கும். தொட்டி ஓட்டையானால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. உப்புத் தண்ணீர் வரும் இடங்களில் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எலிமென்ட்டில் உப்பு படிந்திருந்தால் ஸ்குரூடிரைவரால் தட்டிப் பெயர்க்காதீர்கள், மேலுறை கீறினால் ஆயுள் முடிந்தது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, ஒயர் முனைகள் நனையாமல் எலிமென்ட்டை ஊறவைத்தால் நுரைத்துக் கரைந்து தானே உதிரும்.

புது எலிமென்ட்டைப் பழைய காஸ்கெட்டோடு மாட்டிவிட்டார்கள். மறுநாள் சுவிட்ச் போட்டுப் பத்து நிமிடத்தில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி) விழுந்தது. மெக்கானிக் போனிலேயே "ஆர்சிசிபி கெட்டிருக்கும், டைரக்ட் பண்ணிடலாம்" என்று சொன்னார். கேட்டபோது உடம்பு பதறியது. குளிக்கிற இடத்தில் உயிரைக் காக்கும் கருவி அது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால், காஸ்கெட் விளிம்பில் கசிந்த துளி எர்த் ஒயர் வழியாக ஊர்ந்து எலிமென்ட் முனையில் உட்கார்ந்திருந்தது. சாதா மல்டிமீட்டரில் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே கசிவு எதுவும் காட்டவில்லை. மீட்டரின் சின்ன பேட்டரி வோல்ட்டில் இந்த மாதிரிக் கசிவு பெரும்பாலும் தெரியாது. 500 வோல்ட் மெக்கர் (அதிக வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால் தெரியும். நல்ல எலிமென்ட் பல மெகா ஓம்ஸ் காட்டும், ஒன்றுக்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள். இங்கே முனைகளைத் துடைத்து, நன்றாக உலர்த்தி, மறுபடி அளந்ததும் ஏறிவிட்டது.

ஆகவே மூன்றாவது முறை, காஸ்கெட்டுக்காக. உட்காரும் இடத்தில் ஒட்டியிருந்த பழைய ரப்பரையும் உப்பையும் சுரண்டி எடுத்து, புது காஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் முதலில் இறுக்கினால் எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். பசை, சீலன்ட் எதுவும் வேண்டாம். சுடுதண்ணீர்க் குழாயில் காற்றுச் சத்தம் நின்று தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகே கரண்ட். காலித் தொட்டியில் சுவிட்ச் போட்டால் புது எலிமென்ட் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். கீழே ஒரு செய்தித்தாளை விரித்து இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தோம், ஒரு சொட்டுகூட விழவில்லை.

சேஃப்டி வால்வில் சொட்டுகிறதே, அடைத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. கூடவே கூடாது. 25 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 400 மில்லி விரிகிறது. திரும்பிப் போக வழியில்லாத தண்ணீர் அந்த வால்வு வழியாகத்தான் வெளியேறும். சூடேறும்போது சொட்டினால் வால்வு வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆறிய பிறகும் சொட்டினால் மண் சிக்கியிருக்கலாம், லீவரை நாலைந்து முறை தூக்கி விட்டால் கழுவிப் போகும். அப்படியும் நிற்காவிட்டால் லைன் பிரஷரைப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் குழாயில் வெதுவெதுப்புதான். அப்போதுதான் கீசரிலிருந்து வெளியேறும் குழாயைத் தொட்டுப் பார்த்தது. கை வைக்க முடியாத சூடு! நாலடி தள்ளி வாஷ்பேசினில் வெதுவெதுப்பு. நடுவில் எங்கோ பச்சைத் தண்ணீர் கலக்கிறது என்பது அந்த நொடியில் புரிந்தது. உறுதி செய்ய, சுவிட்சை அணைத்து, கீசருக்குள் போகும் வால்வை மூடி, வாஷ்பேசின் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தோம். கலப்பு இல்லையென்றால் கொஞ்சம் வடிந்து நிற்க வேண்டும். நிற்காமல் ஓடியது. கீசர் மூடியிருக்க, சுடுதண்ணீர் லைனில் தண்ணீர்!

சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் ஷவர் மிக்சரின் கார்ட்ரிட்ஜ் (கைப்பிடிக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் பாகம்) தேய்ந்து, மூடிய நிலையிலும் குளிர்ந்த லைனிலிருந்து சுடுதண்ணீர் லைனுக்குத் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தது. கைப்பிடி ஷவரில் மிக்சரைத் திறந்தே வைத்துவிட்டு, முனையில் உள்ள பட்டனால் மட்டும் நிறுத்தினாலும் இதேதான் நடக்கும்; அப்போது மிக்சரை மூடினாலே போதும். ஒன்றுக்கு மேற்பட்ட மிக்சர் இருந்தால் ஒவ்வொன்றின் ஆங்கிள் வால்வையும் மாறி மாறி மூடிப் பாருங்கள், எதை மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

கார்ட்ரிட்ஜ் வாங்கப் போனதிலும் ஒரு நடை வீண். 35 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று இரண்டும் கடையில் இருக்கும், பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். பழையதைக் கையோடு கொண்டு போங்கள், அடியில் உள்ள துளைகளின் அமைப்பையும் ஒப்பிடுங்கள். சரியானது வந்ததும் மாற்றப் பதினைந்து நிமிடம். அதே வாஷ்பேசினில் தெர்மாமீட்டரைப் பிடித்தால் 57 டிகிரி.