திருக்கோவில் மணலில் எழுத்தாணிப்பூண்டு

ஆடி அமாவாசைத் தீர்த்தத்திற்கு இரண்டு வாரம் இருக்கையில், மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பஸ்ஸேறித் திருக்கோவில் என்னும் ஊருக்குச் சென்றேன். சித்திர வேலாயுத சுவாமியைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரையில் இறங்கியபோது, கச்சான் காற்றில் மணல் பறந்து கணுக்காலில் அறைந்தது.

தேடி வந்த செடி, இராவணன் மீசைப் புல்லுக்கும் அடம்பன் கொடிக்கும் இடையே மணலோடு ஒட்டிக் கிடந்தது. மருத்துவ நூல்களில் எழுத்தாணிப்பூண்டு எனப்படும் இது, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த, பல ஆண்டு வாழும், நம் கரையில் இயல்பாக வளரும் பூண்டு. முழந்தாளிட்டு ஒரு பூவை, உருப்பெருக்கும் கைவில்லையில் பார்த்தேன். ஒற்றைப் பூவாகத் தெரியும் அந்த மஞ்சள் வட்டம் பல சிறுபூக்களின் கூட்டம். இதழென்று நாம் எண்ணும் ஒவ்வொன்றும் தனக்கெனச் சூலகமும் மகரந்தமும் கொண்ட முழுப் பூ. அதன் நுனியில் ஐந்து நுண்பற்கள். சூரியகாந்தியின் நடுவே காணும் குழல்பூக்கள் இதற்கில்லை. இலையைக் கிள்ளினால் பால் வடிகிறது.

என்னை வெகுநேரம் அங்கே இருத்தியது அதன் தண்டுதான். ஓர் இலைக்கொத்திலிருந்து மெல்லிய தண்டு புறப்பட்டு, ஒரு சாண் தள்ளி வேரூன்றி, அங்கே இன்னொரு கொத்தை எழுப்பி, அதிலிருந்து மீண்டும் நீள்கிறது. ஒரு தண்டைப் பின்தொடர்ந்து ஏழு கொத்துகள் எண்ணினேன். எட்டாவது மணலில் புதைந்து இலைநுனியை மட்டும் காட்டியது. இப்படித்தான் அது பறக்கும் மணலைத் தைத்து நிறுத்துகிறது. வேறு கரைகளில், துப்புரவு செய்கிறோம் என்று பிளாஸ்டிக்கோடு இந்தக் கொடிகளையும் வாரி அள்ளுவதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். குப்பையை எடுப்பவர்கள் இவற்றை விட்டுவைக்க வேண்டும்.

கரைவலை இழுக்கும் இடம் மட்டும் கயிறும் காலும் பட்டு வெறுமணலாகக் கிடந்தது. தோணி நிழலில் வலை திருத்திக்கொண்டிருந்த பெரியவரிடம் செடியின் பெயரைக் கேட்டேன்.

"பேர் ஆருக்குத் தெரியும் மகன்? ஆடு விருப்பமாத் தின்னும்."

மாலைத்தீவில் இந்த இலையைத் தேங்காய்த் துருவலும் மாசிக் கருவாடும் சேர்த்து மனிதரே உண்கிறார்கள் என்றேன். அவர் வலையை மடியில் வைத்துவிட்டு, ஓர் இலையைப் பிய்த்து மணலைத் தட்டி வாயிலிட்டார்.

"கசக்குது," என்றவர், இன்னொன்றைப் பிய்த்தார்.