வேலை முடிந்து வந்ததும் இருபது நிமிடம்: சவாசனத்தை ஒழுங்காகச் செய்ய

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுப்பவர்களிடம் எங்கே வலி என்று கேட்டால் கை நேராகக் கழுத்துக்குப் போகும். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு, பொழுதுக்கும் அண்ணாந்து பார்த்து இழுத்து அறுக்கிற வேலை அது. ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு இடுப்பும் மணிக்கட்டும். ஈப்போ பக்கம் மோட்டாரில் போய் 12 மணி நேர ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்குத் தோளும், கெட்டுப்போன தூக்கமும். வலிக்கிற இடம் ஆளுக்கு ஆள் மாறினாலும் ஒன்று மட்டும் எல்லாருக்கும் பொது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரமாகியும் தாடை இறுகியே இருக்கும், தோள் காதுப் பக்கம் ஏறியே நிற்கும், மூச்சு நெஞ்சின் மேல்பாகத்தோடு திரும்பிவிடும்.

இதை இறக்கி வைக்கத்தான் சவாசனம். பிணம்போல் மல்லாந்து கிடப்பது களைப்பைப் போக்கும், மனதுக்கு ஓய்வு தரும் என்று 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூலிலேயே இருக்கிறது. ஆனால் வகுப்புகளில் கடைசி ஐந்து நிமிடம் ஒப்புக்குப் போட்டுவிட்டு எல்லாரும் பாயைச் சுருட்டுகிறார்கள். ஒரே ஒரு ஆசனம் கற்றுக்கொள்ளத்தான் நேரம் உண்டு என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

செய்ய ஏற்ற நேரம் குளித்து முடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்டாயிற்று என்றால் இரண்டு மூன்று மணி நேரமாவது விடவேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போது மல்லாந்தால் நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும்தான் மிச்சம். கட்டிலில் வேண்டாம், தரைதான் சரி. மெத்தையில் இடுப்பு அமுங்கும், தூக்கமும் வந்துவிடும். வெறும் மெங்குவாங் பாய் போதாது, அதன் மேல் ஒரு போர்வையை இரண்டாக மடித்துப் போடுங்கள். அசையாமல் கிடந்தால் உடல் சூடு கொஞ்சம் இறங்கும். நம் ஊர்ப் புழுக்கத்திலும் பத்து நிமிடத்தில் டைல்ஸ் தரை முதுகில் உறைக்க ஆரம்பிக்கும். அதனால் மார்பு வரை ஒரு கைலியைப் போர்த்திக்கொள்ளுங்கள். மின்விசிறி கால் பக்கமிருந்து வரட்டும். அந்தி நேரம் ஏடிஸ் கொசுவுக்கும் வேலை நேரம் என்பதால் வலை அடித்த அறையாக இருந்தால் நல்லது. கதவை அடைத்து, கொசுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்கிறவர்களும் உண்டு. அந்தப் புகை முழுக்க நுரையீரலுக்குத்தான்!

படுப்பதிலேயே பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதுகெலும்பு நேராக, கால்கள் ஓரடி விலகி, பாதங்கள் தாமாக வெளிப்பக்கம் சாய்ந்து, கைகள் உடம்பிலிருந்து அரையடி தள்ளி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கவேண்டும். இப்போது பக்கத்தில் இருப்பவரை முகவாயைப் பார்க்கச் சொல்லுங்கள். முகவாய் நெற்றியைவிட மேலே தூக்கி நின்றால் கழுத்தின் பின்பக்கம் மடங்கியிருக்கிறது. அண்ணாந்தே வேலை செய்கிறவர்களுக்குக் கண்டிப்பாக இப்படித்தான் இருக்கும். துண்டை மடித்து இரண்டு விரல் தடிமனுக்குத் தலைக்குக் கீழ் வையுங்கள், தோளுக்குக் கீழ் போகக்கூடாது. பருத்த தலையணை வைத்தால் முகவாய் நெஞ்சில் இடித்து மூச்சு அடைக்கும். இடுப்பு வலிக்காரர்கள் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையைச் சுருட்டி வைக்கவேண்டும். அப்படியும் வலித்தால் கெண்டைக்காலை நாற்காலி இருக்கையில் தூக்கி வைத்துப் படுக்கலாம். இடுப்பு வளைவு தரையோடு படியும், வலி சட்டென்று குறையும்.

அடுத்து இறுக்கி விடுதல். பாதம், கெண்டைக்கால், தொடை, பிட்டம், வயிறு, கைமுட்டி, தோள், கழுத்து, முகம் என்று கீழிருந்து மேலாக ஐந்து விநாடி இறுக்கி, பதினைந்து விநாடி விட்டுவிடுங்கள். முழுப் பலம் வேண்டாம், பாதி போதும். கால் விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி இறுக்காதீர்கள். நாள் முழுக்க வேர்த்த உடம்பில் கெண்டைக்கால் உடனே பிடித்துக்கொள்ளும். விரல்களை முழங்கால் பக்கம் இழுத்து இறுக்கினால் பிடிக்காது. கழுத்துக்கு வரும்போது தலையைத் தூக்கவேண்டாம். பின்தலையைத் துண்டின் மேல் மெல்ல அழுத்தினால் போதும்.

மூச்சுதான் இதில் முக்கியமான பாகம், தப்பும் இங்கேதான் அதிகம். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேல் வைத்துப் பாருங்கள். வயிற்றுக் கை எழும்பவேண்டும், நெஞ்சுக் கை கிட்டத்தட்ட சும்மா இருக்கவேண்டும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. விநாடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம், முப்பது மூச்சு போதும். வெளிமூச்சு ஏன் நீளமாக இருக்கவேண்டும் என்றால், மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தானாகவே மெதுவாகிறது. நாடியில் விரலை வைத்துப் பார்த்தால் பலருக்குத் தெரியும்.

“நல்லா ஆழமா இழுங்க” என்று சொல்லிக் கொடுப்பதுதான் வினை. பலங்கொண்ட மட்டும் இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைந்து தலை சுற்றும், உதட்டிலும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும். ஏதோ சக்தி ஏறுகிறது என்று சிலர் அதைப் பெருமையாகச் சொல்வதும் உண்டு. அது சக்தி இல்லை, அதிக மூச்சு. பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்காத அளவுக்குச் சின்ன மூச்சாக இழுங்கள். ஆறு எண்ண முடியாவிட்டால் மூன்றுக்கு நான்கு என்று தொடங்கலாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்து நிறுத்தவே வேண்டாம்.

அதன் பின் உடம்பெங்கும் கவனத்தைக் கொண்டுபோவது. யோக நித்திரை என்ற பெயரில் இதை முறைப்படுத்திப் பரப்பியவர் பீகார் மாநிலம் முங்கேரில் யோகப் பள்ளி நடத்திய சுவாமி சத்யானந்த சரஸ்வதி. வலது கை கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கை, தோள், அக்குள், விலா, இடுப்பு, தொடை, முழங்கால், குதிகால், கால் விரல்கள். பிறகு இடப்பக்கம், முதுகு, கடைசியில் முகம். ஓர் இடத்துக்கு இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்காதீர்கள், நின்றால் அந்த இடைவெளியில் கடன் தவணை நினைவுக்கு வந்துவிடும். மனதை வெறுமையாக்கச் சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அதற்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அடங்கும். முக்கால் மணி நேர யூடியூப் ஒலிப்பதிவெல்லாம் தேவையில்லை. உங்கள் குரலிலேயே எட்டு நிமிடம் கைப்பேசியில் பதிந்து, விமானப் பயன்முறையில் போட்டுக் கேளுங்கள்.

குறட்டை விட்டுத் தூங்கிவிடுகிறவர்கள் முழங்கையைத் தரையில் ஊன்றி ஒரு முன்கையை மட்டும் செங்குத்தாக நிறுத்தி வைக்கலாம். கண் அசந்தால் கை விழுந்து எழுப்பிவிடும். கண்ணை மூடியதும் சிலருக்கு அமைதிக்குப் பதிலாகப் படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்து, பக்கவாட்டில் ஒருக்களித்து, வெளிமூச்சை மட்டும் எண்ணட்டும். வற்புறுத்த வேண்டாம்.

எழும்போது அவசரம் கூடாது. விரல்களை அசைத்து, ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்கவேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டி விழ வாய்ப்புண்டு. தொடர்ந்து செய்தால் ரத்த அழுத்தம் ஓரளவு இறங்கலாம். அதற்காக கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஆபத்து. ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்கக்கூடாது, இடப்பக்கம் ஒருக்களித்துச் செய்யவேண்டும். இனிப்பு நீர்க்காரர்களுக்கு வேர்வையும் நடுக்கமும் வந்தால் அது மன அழுத்தமா, சர்க்கரை இறங்கியதா என்று முதலில் சோதித்துவிட வேண்டும். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் பாயை விரிக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள் இதைத் தூக்கத்துக்கு ஈடாக நினைக்கவேண்டாம், ஈடாகாது. இடைவேளையில் நாற்காலியில் சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, நான்குக்கு ஆறு மூச்சு ஐந்து நிமிடம் செய்யலாம். காலையில் வீடு திரும்பும் முன் செய்தால், முகத்தைக் கழுவி ஒரு பத்து நிமிடமாவது நடந்துவிட்டுப் பிறகு மோட்டாரை எடுங்கள். அப்போதும் கண் சொருகினால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு யாரையாவது வரச் சொல்லுங்கள்.