எல்லாம் ஒண்ணுதானா?

"பிரம்மம்னாலும் நிர்வாணம்னாலும் எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்றவங்க நம்மகிட்ட ஜாஸ்தி, அதுலயும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல கேக்கவே வேணாம், ஜாலான் பெர்ஹாலா ஒரே ரோட்டுல சக்தி விநாயகர் கோயிலும் இருக்கு, புத்த மகா விகாரையும் இருக்கு, விசாகம் வந்தா பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு அப்படியே நடந்து போய் புத்தருக்கும் ஒரு விளக்கு ஏத்திட்டு வருவோம். கும்பிடறதுக்கு ஓகே லா. தத்துவம்னு வந்தா இந்த 'ஒண்ணுதான்' எனக்கு சோம்பேறித்தனமாத்தான் படுது.

ஏன் ஒரே மாதிரி தெரியுதுன்னா, பிரம்மம்ங்கற அத்வைதம், நிர்வாணம்ங்கற பௌத்தம், ரெண்டு பக்கமும் உண்மையைப் படிப்படியா வைக்கிறாங்க. பௌத்த தத்துவ ஞானி நாகார்ஜுனர் தன்னோட மூலமத்யமக காரிகைங்கற நூல்ல 24ஆம் அத்தியாயத்துல சம்விருதி, பரமார்த்தம்னு ரெண்டு சத்தியம் சொல்றார், நாம புழங்குற வழக்கு உண்மை ஒண்ணு, கடைசி உண்மை ஒண்ணு. அவருக்குப் பல நூற்றாண்டு கழிச்சு வந்த சங்கரரோட அத்வைத வழியில வியாவகாரிகம் (வழக்கு உண்மை), பாரமார்த்திகம் (கடைசி உண்மை), எல்லாத்துக்கும் கீழ பிராதிபாசிகம் (கனவு மாதிரி வெறும் தோற்றம்)னு மூணு. சங்கரரை 'பிரச்சன்ன பௌத்தர்', அதாவது ஒளிஞ்சிருக்கிற பௌத்தர்னு மத்த வேதாந்திகளே திட்டியிருக்காங்க.

ஆனா மேல் படியில என்ன மிஞ்சுதுங்கறதுலதான் சண்டையே. இருட்டுல பாம்புன்னு பயந்தோம், விளக்கு வந்ததும் பாம்பு போச்சு, கயிறு இருக்கு, அந்தக் கயிறுதான் பிரம்மம், இது அத்வைதம். நாகார்ஜுனர் அந்தக் கயிறையும் விடமாட்டார், நார் இல்லாம, முறுக்கின கை இல்லாம கயிறு ஏது, எல்லாமே ஒண்ணைச் சார்ந்து ஒண்ணு, தனியா நிக்கிற பொருள்னு எதுவும் இல்ல, இதைத்தான் சூன்யம்ங்கறார், சரி சூன்யம்தான் கடைசின்னு அதைப் பிடிச்சுக்கலாமான்னா அதுவும் கூடாது. சூன்யத்தைத் தப்பா புரிஞ்சுக்கிட்டா தப்பா பிடிச்ச பாம்பு மாதிரி ஆளையே அழிச்சிடும்னு அதே அத்தியாயத்துல சொல்றார். சங்கரரோட பாம்பு பொய், இவரோட பாம்பு கடிக்கும்!

அதோட நம்ம ரோட்டு விகாரை தேரவாதம், நாகார்ஜுனர் வழி இல்ல, பௌத்தத்துல வேற பிரிவு. அவங்களோட தத்துவ நூலான அபிதம்மத்துல பரமார்த்தம்னா சித்தம் (மனம்), சேதசிகம் (மனசோட சேர்ந்து வர்ற குணங்கள்), ரூபம் (பொருள்), நிப்பானம் (நிர்வாணம்)னு நாலு. பௌத்தத்துக்குள்ளயே ஒண்ணு இல்ல பாருங்க.

எங்க பெரியப்பாகிட்ட மாமாக் கடையில தே தாரேக் குடிச்சுக்கிட்டே இதைச் சொன்னேன். அவர் வெள்ளிக்கிழமை தவறாம தேவாரம் பாடுறவர், ஆனா வாயைத் திறந்தா "எல்லாம் மாயைடா"ம்பார். நம்ம ஆளுங்க பாதிப் பேர் இப்படித்தான், பேச்சு அத்வைதம், கும்பிடறது சைவ சித்தாந்தம். சித்தாந்தத்துல பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டுற தளை) மூணுமே அநாதி, உலகம் பொய்யே இல்ல. சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார்ல, மத்த மதங்களை மறுக்கிற பரபக்கம்ங்கற பகுதியில பௌத்தர்ல நாலு வகையையும் வரிசையா மறுக்கிறார், அதே கையோட உலகம் மாயைங்கற மாயாவாதியையும் (அத்வைதியையும்) விடல. 'எல்லாம் ஒண்ணு'ன்னு நினைச்சிருந்தா அந்த மனுஷன் ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

பெரியப்பா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "சூன்யமும் சூன்யம்னா தேவாரத்தை யாரு யாருக்குடா பாடுறது?"ன்னார். நாகார்ஜுனர்கிட்ட இதுக்குப் பதில் இருக்கு, வழக்கு உண்மையைப் பிடிக்காம கடைசி உண்மையைக் காட்டவே முடியாது, அதனால பாட்டு வேணும்தான். ஆனா சித்தாந்திக்கு இது பத்தாது. கேக்கற சிவனும் நிஜம், பாடுற பெரியப்பாவும் நிஜம், முக்தியிலயும் ரெண்டு பேரும் இருப்பாங்கங்கறதுதான் அவர் கட்சி.