வில் எங்கே திரும்புகிறது?

போன மாதம் ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை செய்தேன். அதில் நாற்பது விநாடிக் காட்சி ஒன்று. மகனைப் பேருந்தில் ஏற்றிவிட்ட அம்மா, வண்டி வளைவில் மறையும் வரை அப்படியே நிற்கிறார். வசனம் கிடையாது. டெம்போ 72 (நிமிடத்துக்கு 72 அடி), பன்னிரண்டு பார் (பாருக்கு நான்கு அடி), முழுக்க ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் குடும்பம். மெட்டு ஒரே இரவில் வந்துவிட்டது. கீபோர்டில் லெகாட்டோ பேட்ச் ஒன்றை (கலைஞர்கள் சுரங்களை இடைவெளியில்லாமல் இணைத்து வாசித்த பதிவுகளின், அதாவது சாம்பிள்களின், தொகுப்பு) திறந்து, முதல் நோட்டிலிருந்து கடைசி நோட்டு வரை அதிலேயே வாசித்து முடித்தேன்.

மறுநாள் சோலோ வாசிக்க ஒரு வயலின் கலைஞர் வந்தார். கோடம்பாக்கம், சாலிகிராமம் ஸ்டுடியோக்களில் பல வருடங்களாகக் கூட்டத்தோடு உட்கார்ந்து வாசித்தவர். ஒருமுறை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மெட்டு நல்லா இருக்கு தம்பி. ஆனா வில் எங்க திரும்புதுன்னே தெரியலையே."

"சாம்பிள்தானே சார்" என்றேன்.

"சாம்பிள்னாலும் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வாசிச்சதுதானே?"

அன்று மதியம் முழுக்க அந்தப் பன்னிரண்டு பாரிலேயே போனது. அவர் வாசித்துக் காட்டினார், வில் ஒரு திசையில் போய் எதிர்த்திசைக்குத் திரும்பும் வரை வரும் நோட்டுகளை இணைத்து நான் தாளில் பென்சிலால் வளைகோடு போட்டேன். முதல் இரண்டு பாருக்கு, பாருக்கு ஒரு வில். மூன்றாவது பாரில் மூன்றாம் அடியில் திருப்பம். ஐந்தாவது பாருக்கு முன்னால் வரும் ஒற்றை எட்டாம் நோட்டு (அரை அடி) அப் போவில், அதாவது வில்லின் நுனியிலிருந்து பிடியை நோக்கிப் போகையில், லேசாக எழும்பி, அடுத்த பாரின் முதல் அடி டவுன் போவில், அதாவது பிடியிலிருந்து நுனியை நோக்கிப் போகையில், கனத்தோடு விழுந்தது. நான் எழுதிய ஒரு நீண்ட நோட்டை ஒரே வில்லில் உரக்க வாசிக்கவே முடியாது என்றும் அப்போதுதான் தெரிந்தது. சன்னமாக வாசித்தால் வில் நெடுநேரம் தாங்கும், சத்தம் கூடக்கூடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். கூட்டமாக வாசிக்கும்போது ஆளுக்கொரு இடத்தில் திருப்பி அந்த இடைவெளியை மறைத்துவிடுவார்களாம்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி வாசித்தேன். பெரும்பாலான லெகாட்டோ பேட்ச்களில் ஒரு நோட்டை விடுவதற்குள் அடுத்ததை அழுத்தினால் அது ஒரே வில். கையை எடுத்துவிட்டு அழுத்தினால் புது வில். பென்சில் கோட்டுக்குள் இருக்கும் நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினேன், கோடு முடியும் இடத்தில் மயிரிழை இடைவெளி விட்டேன். அவ்வளவுதான், மெட்டு மூச்சு விட ஆரம்பித்தது.

லெகாட்டோவில் இன்னொரு சிக்கல், தாமதம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நகரும் ஓசையும் சேர்த்தே பதிவாகியிருப்பதால், நோட்டு காதில் விழ நேரம் பிடிக்கும். சாம்பிள் லைப்ரரியைப் பொறுத்து அது 100 மில்லி விநாடியாக இருக்கலாம், 300-ஐயும் தாண்டலாம். டெம்போ 72-இல் ஒரு பதினாறாம் நோட்டே (கால் அடி) 208 மில்லி விநாடிதான். நோட்டுகளைக் கணினித் திரையின் தாளக் கட்டத்தில் சரியாக உட்கார வைத்தால் மெட்டு பின்னாலேயே இழுத்துக்கொண்டு வரும். அதனால் மெதுவான நோட்டுகளை அதிகமாகவும் வேகமானவற்றைக் குறைவாகவும் ஒவ்வொன்றாக முன்னால் தள்ளினேன். அலுப்பான வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டும்.

அப்புறம் மாட் வீல், கீபோர்டில் இருக்கும் சிறு சக்கரம். அது அனுப்பும் கட்டளை சிசி 1. சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் கட்டளை சிசி 11. சிசி 11-ஐ மட்டும் ஏற்றி இறக்கினால் சத்தம்தான் மாறும், ஓசையின் குணம் மாறாது. உரக்க வாசித்த சாம்பிளின் சத்தத்தை மட்டும் குறைப்பது, கத்திப் பேசுகிறவரைத் தெருக்கோடியில் நின்று கேட்பது மாதிரி. பெரும்பாலான லைப்ரரிகளில் சிசி 1 சன்னமாக வாசித்த சாம்பிளிலிருந்து அழுத்தி வாசித்ததற்குக் கொண்டு போகும். அதனால் எனக்கு எப்போதும் சிசி 1-தான் முதலில். மவுஸால் கோடு வரைவதை விட்டுவிட்டேன். இடது கையை வீலில் வைத்து, வாயால் பாடிக்கொண்டே நகர்த்துகிறேன்.

அதே படத்தில் பையன் சந்தைக்குள் ஓடும் காட்சிக்கு ஸ்பிக்காட்டோ, அதாவது வில்லைத் துள்ளவிட்டு வாசிப்பது. டெம்போ 120, பதினாறாம் நோட்டுகள், விநாடிக்கு எட்டு. இயந்திரத் துப்பாக்கி மாதிரிக் கேட்டது. நான் எடுத்த பேட்சில் ரவுண்ட் ராபின் நான்கு. அதாவது ஒரே நோட்டுக்கு நான்கு தனிப் பதிவுகள் வரிசையாகச் சுழலும். ஒரு அடிக்கும் நான்கு நோட்டு! ஒவ்வொரு அடியின் முதல் நோட்டிலும் அதே பதிவு திரும்பி வந்துகொண்டிருந்தது. அழுத்தம் விழும் நோட்டுகளைத் தனி ட்ராக்கில் ஸ்டக்காட்டோவுக்கு (நோட்டைக் குறுக்கி வெட்டி வாசிப்பது) மாற்றினேன். அடிக்கு மிச்சம் மூன்றுதான் என்பதால் சுழற்சி அடியோடு ஒட்டாமல் நகர்ந்துவிட்டது. அவற்றின் வெலாசிட்டியையும் (கீயை அழுத்தும் வேகம்) கையாலேயே வாசித்துப் பதிந்தேன்.

கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்துப் பிடிப்பதையும் சொல்ல வேண்டும். பதினாறு பேர் வாசித்த வயலின் பேட்சில் மூன்று விரலை வைத்தால் அங்கே 48 வயலின் உட்கார்ந்துவிடுகிறது. வழக்கமான ஆர்கெஸ்ட்ரா மேடையில் அத்தனை வயலின் இருக்காது. இப்போது மேல் குரல் முதல் வயலினுக்கு, நடுக்குரல்கள் இரண்டாம் வயலினுக்கும் வயோலாவுக்கும், கீழே செல்லோ என்று பிரித்துத்தான் எழுதுகிறேன். பிட்ஸிகாட்டோவிலிருந்து (தந்தியை விரலால் மீட்டுவது) வில்லுக்குத் திரும்பும் இடத்தில், கை வில்லைச் சரியாகப் பிடிக்க ஒரு அடியாவது ஓய்வு விடுகிறேன்.

கமகத்துக்கு மட்டும் சாம்பிளை நம்புவதில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒரே ஒரு நகர்வைத்தான் லெகாட்டோ பதிவு தருகிறது. அசைந்து, தொட்டு, பாதியில் திரும்பும் சுரத்தை அதற்குள் தேடிப் பயனில்லை. சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டால் முயன்றபோது மொத்தக் கூட்டமும் ரப்பர் மாதிரி வளைந்தது. அந்த வேலையை அந்த வயலின் கலைஞருக்கே விட்டுவிட்டேன்.

சோலோவை இரண்டே டேக்கில் முடித்தார். கிளம்பும் முன் ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டு, "பதினோராவது பார்ல என் வில் நுனிக்கு வந்துடுது, அங்க எனக்குப் பலம் இருக்காது. கூட்டத்தையும் கொஞ்சம் இறக்கிடுங்க தம்பி" என்றார். அந்த இடத்தில் எல்லா ட்ராக்கிலும் சிசி 1-ஐ இறக்கினேன். படத்தில் பேருந்து வளைவில் திரும்புவதும் அங்கேதான்.